பெரிய இன்ஜின், சின்ன மூளை

கன்ட்ரோல் லைன் விமானம் தெரியுமில்லையா? ரிமோட் எல்லாம் கிடையாது. ரெண்டு மெல்லிசு ஸ்டீல் கம்பி, கையில ஒரு பிடி. நாம நடுவுல நின்னு சுத்தணும், விமானம் நம்மளைச் சுத்திப் பறக்கும். காலேஜ்ல என்.சி.சி. ஏர் விங்ல இருந்தப்போ பிடிச்ச பைத்தியம்.

சீனியர் அண்ணா ஒருத்தர் ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு, பால்சா மரத்தை அறுத்து ஒட்டி ஒண்ணு செஞ்சிருந்தார். 2.5 சிசி இன்ஜின். "பரீட்சை முடியுறவரைக்கும் நீ பாத்துக்கடா"ன்னு என்கிட்ட குடுத்தார்.

நான் சும்மா இருப்பேனா? "பெருசு போட்டா பிச்சுக்கிட்டுப் போகுமே"ன்னு மவுன்ட்டை அகலப்படுத்தி 5.7 சிசியை மாட்டினேன். பிச்சுக்கிட்டுத்தான் போச்சு. ஆனா மூக்கு கனத்துப் போனதால லூப் அடிக்கிறப்போ வட்டம் பெருசாயிடுச்சு. இறங்கினது நிமிரவே இல்லை. நேரா மண்ணுல.

அண்ணா திட்டலை. உடைஞ்ச இறக்கையைப் பொறுக்கிக்கிட்டே, "பறக்கிறப்போ இதுல ஆக்ஸிலரேட்டர் கிடையாதுடா. இன்ஜினே பாத்து நடந்துக்கணும்"னார்.

பிறகுதான் 1940களின் கடைசியில் வந்த ஃபாக்ஸ் 35 பத்திப் படிச்சேன். அதுவும் 5.7 சிசிதான்! நீடில் வால்வைக் கொஞ்சம் தாராளமா திறந்து வச்சா, நேரா போறப்போ நாலு ஸ்ட்ரோக் மாதிரி நிதானமா ஓடும். மூக்கைத் தூக்கினா ரெண்டு ஸ்ட்ரோக்குக்கு மாறி இழுக்கும். ஆக, தப்பு இன்ஜின்ல இல்லை. அந்தக் குட்டி விமானத்துக்கு அது பொருந்தலை, அவ்வளவுதான்.

இப்பவும் புது இன்ஜின் வந்தா முதல்ல தராசுலதான் வைக்கிறேன். அண்ணாவுக்கு ஒரு விமானம் இன்னும் பாக்கி :-)