வம்சாவளியோடு ஒரு குதிரை

புறக்கோட்டையில் கிடைக்காத பொருள் இல்லை என்பது கொழும்புவாசிகளின் நெடுநாள் நம்பிக்கை. கெய்சர் வீதியில் துணி, பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான், செட்டியார் தெருவில் தங்கம், நான்காம் குறுக்குத் தெருவில் அரிசியும் வெங்காயமும் கொத்தமல்லியும். குதிரை மட்டும் கிடைக்காது. ஆனால் குதிரையைப் பற்றிய அறிவுக்கு அங்கே பஞ்சமில்லை. றேஸ் புக்கிக் கடைகளில் இங்கிலாந்துப் பந்தயங்களுக்குப் பணம் கட்ட வருபவர்கள், ஒரு குதிரையின் பிடரியைக்கூட வாழ்நாளில் தடவிப் பார்த்திராதவர்கள், சட்லர்ஸ் வெல்ஸ், அதன் மகன் கலிலியோ, அதன் மகன் ஃபிராங்கல் என்று மூன்று தலைமுறையை மூச்சுவிடாமல் ஒப்புவிப்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்களிடமே தங்கள் பூட்டனாரின் பெயரைக் கேட்டால் சற்று யோசிப்பார்கள்.

நெதர்லாந்தில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு விளம்பரத்தைக் கத்தரித்து அனுப்பியிருந்தார். அவருடைய மகள் அங்கே குதிரையேற்றம் பழகுகிறாள். விற்பனைக்கு வந்திருப்பது நான்கு வயது நலமடித்த ஆண் குதிரை. உயரம் 168 சென்ரிமீற்றர். தகப்பன் இன்னது, தாய் இன்னது, தாயின் தகப்பன் இன்னது, அந்தத் தாய்வழியில் முன்னர் பிறந்த இன்னின்ன குதிரைகள் இன்னின்ன போட்டிகளில் வென்றவை, எக்ஸ்றே படங்கள் குறையற்றவை, குணம் சாது. விலை நேரிற் பேசலாம். "எங்கட கலியாண விளம்பரம் மாதிரியே கிடக்கு, பாருங்கோ" என்று நண்பர் ஒரு வரியும் எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் ஞாயிறு இதழின் மணப்பந்தல் பக்கத்துக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. யாழ். இந்து, இன்ன குலம், இன்ன நட்சத்திரம், கிரகபாவம் இத்தனை, செவ்வாய் குற்றமில்லை, தகப்பனார் இன்ன உத்தியோகம். உண்மையில் இரண்டு விளம்பரங்களுக்கும் வாக்கிய அமைப்பு ஒன்றுதான். ஆனால், விசாரித்துப் பார்த்தபோது குதிரைக்காரர்களின் முறையே நம்முடையதைவிட நேர்மையானது என்று தோன்றிற்று.

முதலில் அந்த இனத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐரோப்பியர் இத்தகைய குதிரைகளை 'இளஞ்சூட்டு இரத்தம்' என்ற பொருள்படும் வார்ம்பிளட் என்ற பெயரால் அழைக்கிறார்கள். இதற்கும் உடல் வெப்பத்துக்கும் தொடர்பில்லை. அரபுக் குதிரையும் பந்தயக் குதிரையும் துடிப்பானவை. அவை 'சுடு இரத்தம்'. பாரம் இழுக்கும் பருத்த குதிரைகள் நிதானமானவை. அவை 'குளிர் இரத்தம்'. இரண்டுக்கும் நடுவே நிற்பது இது. 1735இல், பிரித்தானிய மன்னரும் ஹனோவரின் ஆட்சியாளருமாயிருந்த இரண்டாம் ஜோர்ஜ், செல்லே என்ற ஊரில் அரச குதிரைப் பண்ணையொன்றை நிறுவினார். நல்ல பொலிக்குதிரைகளைக் குடியானவர்களின் பெட்டைக் குதிரைகளோடு சேர்த்து, வயலுக்கும் வண்டிக்கும் படைக்கும் பொருந்தும் குதிரைகளைப் பெறுவது நோக்கம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உழவு இயந்திரம் வந்தபோது அந்தக் குதிரைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. வளர்ப்போர் கைவிடவில்லை. பந்தயக் குதிரையின் இரத்தத்தைக் கலந்து உடலை இலேசாக்கி, தடைதாண்டலுக்கும் நடைப் போட்டிக்கும் உரிய விளையாட்டுக் குதிரையாக மாற்றினார்கள். ஜேர்மனியின் ஹோல்ஸ்ரைன் பகுதிக்கு இங்கிலாந்திலிருந்து லேடிகில்லர் என்ற பந்தயக் குதிரையும், பிரான்சிலிருந்து கோர் டி லா பிறையேர் என்ற குதிரையும் சென்றது அப்படித்தான். தடைதாண்டும் குதிரைகளின் வம்சாவளிகளில் இந்த இரு பெயர்களும் திரும்பத் திரும்ப வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெரிய இடத்துப் பிள்ளை என்பதற்காக மட்டும் ஓர் ஆண் குட்டி பொலிக்குதிரையாகிவிட முடியாது. ஏறத்தாழ இரண்டரை வயதில் அதை நடுவர்கள் முன் நிறுத்துகிறார்கள். நடை, பாய்ச்சல், எலும்பு, குணம் எல்லாம் பார்க்கிறார்கள். தேறியவற்றுக்குப் பின்னர் சவாரிச் சோதனையும் உண்டு. தகப்பன் எத்தனை பதக்கம் வென்றிருந்தாலும் தேறாதது தேறாததுதான். அவற்றிற் பெரும்பாலானவை நலமடிக்கப்பட்டுச் சவாரிக்கு விற்கப்படுகின்றன. தாய்வழிக்கும் தகப்பன்வழிக்குச் சமமான மதிப்பு உண்டு. ஹோல்ஸ்ரைன் பதிவேட்டில் தாய்வழிக் குடும்பங்களுக்கே எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். குலத்தை எழுதிவிட்டால் மற்றதை எவரும் கேளார் என்ற நம் மணப்பந்தல் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நலமடித்த குதிரையின் வம்சாவளியில் ஒரு முரண் இருக்கிறது. முன்னோர் பட்டியல் நீளமானது, ஆனால் அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர் அதுவே. அதற்கு வாரிசு இல்லை. வாங்குபவர் அதன் எதிர்காலச் சந்ததிக்குப் பணம் கொடுப்பதில்லை. முன்னோரிடமிருந்து அது எதைப் பெற்றிருக்கிறது என்ற ஊகத்துக்கே கொடுக்கிறார். அந்த ஊகம் எப்படியெல்லாம் முடியும் என்பதற்கு நெதர்லாந்தின் இரண்டு குதிரைகள் சாட்சி. 2000ஆம் ஆண்டு பிறந்த ரொட்டிலாஸ் ஒரு பொலிக்குதிரை. 2009 டிசம்பரில் இலண்டன் ஒலிம்பியா அரங்கில் இசைக்கேற்ற நடைப் போட்டியில் 92.30 விழுக்காடு பெற்றது. 2010 உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றது. அந்த ஆண்டே அது ஜேர்மனிக்கு விற்கப்பட்டது. விலை அதிகாரபூர்வமாக வெளியிடப்படவில்லை; ஒரு கோடி யூரோ அளவில் என்று பத்திரிகைகள் எழுதின. புதிய சவாரியாளரின் கீழ் பழைய உயரத்தை அது மீண்டும் எட்டவில்லை. 2002இல் பிறந்த வலெக்ரோவோ நலமடித்த குதிரை. ஷார்லட் டுஜார்டின் அதன்மேல் ஏறி 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கமும் 2016 றியோவில் ஒரு தங்கமும் வென்றார். 2014 டிசம்பரில், ரொட்டிலாஸ் சாதனை படைத்த அதே ஒலிம்பியாவில், வலெக்ரோ 94.3 விழுக்காடு பெற்றது.

குதிரை வாங்குவதில் ஏமாறுவது தமிழருக்குப் புதிதன்று. பாண்டியன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர், பெருந்துறையில் அதைத் திருப்பணியிற் செலவிட்ட கதையை அறியாதவர் யார்? இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறான். பாண்டியனும் மகிழ்ந்து ஏற்கிறான். இரவில் அவை நரிகளாகி, இலாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் குதறிவிட்டு ஓடுகின்றன. புறக்கோட்டைக்கு அருகே குன்றின்மேல் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும். 1757இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கோவிலின் பெயருக்கு ஒல்லாந்த மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். அங்கே திரிந்த நரிகளை ஒல்லாந்தர் ஓநாய்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். மதுரையில் நரி குதிரையாயிற்று, கொழும்பில் ஓநாயாயிற்று.

புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தாலும் நிலைமை அதுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஓர் அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும் ஆண்டு முடிவில் அவற்றில் 100கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை; குதிரை வணிகர்கள் இலாடம் கட்டுவோரை இந்தப் பக்கம் வரவிடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விற்பனை.

இன்று ஐரோப்பாவில் அப்படி ஏமாற்றுவது எளிதன்று. ஒவ்வொரு குதிரைக்கும் கடவுச்சீட்டு உண்டு. 15 இலக்க வாழ்நாள் எண் உண்டு. 2009 ஜூலைக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியத்தில் பிறந்த குட்டிகளுக்குக் கழுத்தில் நுண்சில்லு பொருத்தப்பட வேண்டும். பெரிய பதிவேடுகள் மரபணுச் சோதனை மூலம் பெற்றோரை உறுதிசெய்கின்றன. பணம் கொடுப்பவர், காட்டப்படும் தாய்தான் உண்மையான தாயா என்று கேட்கக்கூடியவர். அந்தக் கேள்விக்கு விற்பவரிடம் பதில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் இலங்கைப் பெயரைச் சொல்லவேண்டும். 2021இல் நடந்தேறிய டோக்கியோ ஒலிம்பிக்கில், குதிரையேற்றத்தில் இலங்கையின் முதலாவது பிரதிநிதியாகக் களமிறங்கியவர் மட்டில்டா கார்ல்சன். தடைதாண்டற் போட்டியில் சோப்பின் விஏ என்ற குதிரையில் ஏறினார். இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. எனினும் குதிரையேற்றத்தில் நம் கொடி அந்தக் களத்தில் அதுவரை பறந்ததில்லை. அவர் இலங்கையிற் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே சுவீடன் நாட்டுத் தம்பதியரால் தத்தெடுக்கப்பட்டவர். அவருடைய சொந்த வரலாறு அவருக்குரியது. அதை நான் கிளறவில்லை. ஆனால் அந்தச் செய்தியை வாசித்தபோது, அதே காலத்தில் அதே வழியில் போன மற்றக் குழந்தைகளை நினையாதிருக்க என்னால் முடியவில்லை.

1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 11,000 என்று கணக்கிடப்படுகிறது. அவர்களில் பலருடைய ஆவணங்கள் போலியானவை என்பதை 2017இல் செம்ப்ளா என்ற நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி வெளிக்கொணர்ந்தது. குழந்தைகளைப் பெற்று விற்பதற்கென்றே பெண்கள் தங்கவைக்கப்பட்ட இடங்கள் இருந்தன. நீதிமன்றத்தில் தாயாக நடிப்பதற்குக் கூலிக்குப் பெண்கள் அமர்த்தப்பட்டனர். 1987இல் அத்தகைய இடமொன்று பிடிபட்டபோது வெளிநாட்டுத் தத்துக்கொடுப்பைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். 2017இல் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அந்த நிகழ்ச்சியில் உண்மையை ஒப்புக்கொண்டு, தாயையும் பிள்ளையையும் இணைக்க மரபணுத் தரவு வங்கியொன்று அமைக்கப்படும் என்றார். 2020 டிசம்பரில் சுவிற்சர்லாந்து அரசு தன் பக்கத்துத் தவறுகளை ஏற்று வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது.

வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகள் இப்போது கையில் ஒரு பிறப்புச் சான்றிதழோடு இலங்கைக்கு வருகிறார்கள். அதிலுள்ள முகவரியைத் தேடிப் போகிறார்கள். சிலருக்கு அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை. சிலருக்கு அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் தாயல்லர்.

நண்பர் அனுப்பிய விளம்பரத்தை மறுபடியும் வாசித்தேன். சந்ததியே இல்லாத ஒரு குதிரைக்கு அதன் தாயின் தாய்வரை சான்றுகள் இருக்கின்றன. அது குதிரையின் மீதுள்ள அன்பினால் மட்டும் நேர்ந்ததன்று. பணம் கொடுப்பவர் கேட்டார், ஆகவே பதிவு உண்டாயிற்று. குழந்தைகளை வாங்கியவர்கள் கேட்கவில்லை. கொடுத்தவர்களுக்குக் கேள்வி வராதிருப்பதே வசதி. வறுமைப்பட்ட தாய்மாரைக் கேட்பார் எவருமில்லை. நாமோ அதே ஆண்டுகளில் ஞாயிறுதோறும் குலமும் கிரகபாவமும் அச்சிட்டு, வம்சம் பேணுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். குலப்பெருமைக்குப் பதிவேடு வேண்டும் என்பது என் வாதமன்று. நெடுந்தீவின் குதிரைகளைப் பாருங்கள். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து கணக்கிட்டால் நூற்றாண்டுகளாக அவை அங்கே உலவுகின்றன. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் குதிரை வளர்த்த இலாயங்களின் இடிபாடுகளை இன்றும் காணலாம். 2015இல் அவை மேயும் நிலம் தேசிய பூங்காவாகப் பிரகடனமாயிற்று. அந்தக் குதிரை ஒன்றுக்கேனும் தகப்பன் பெயர் தெரியாது. அதனால் அதற்கு ஒரு குறையும் இல்லை. வரட்சிக் காலத்தில் தண்ணீர் கிடைக்காததுதான் அதற்குக் குறை. மனிதருக்கும் குலம் தெரியாமல் வாழ முடியும். ஆனால் தன்னைப் பெற்றவள் தன்னைக் கொடுத்தாளா, அல்லது அவளிடமிருந்து தான் பறிக்கப்பட்டதா என்று அறிய விரும்பும் ஒருவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அரசு ஒன்று இருக்கவேண்டும்.

அதற்குக் காலம் அதிகமில்லை. 1985இல் இருபது வயதில் பிள்ளையைக் கொடுத்த தாய்க்கு இன்று அறுபது வயதளவில் இருக்கும். அவளுடைய உமிழ்நீரில் ஒரு துளியும் அதைப் பாதுகாக்க ஒரு நேர்மையான அலுவலகமும் போதும். குதிரைகளுக்கு அதை வழக்கமாகவே செய்து வருகிறார்கள்.