விடை சொன்னவர் யார்?

கணக்குப் பொய் சொல்லாது என்பார்கள். யாரிடம் கேட்டு அந்தக் கணக்கு எழுதப்பட்டது என்பதை மட்டும் எவரும் விசாரிப்பதில்லை. நாமும் விசாரித்தவரல்லோம்.

எம்மிடம் உயர்தரம் கற்று வெளியேறிய இளைஞர்களின் நிலையை அறிய விரும்பி, பாடசாலை இடாப்பிலிருந்து பெயர்களைத் தெரிந்தெடுத்து, வினாக்கொத்தும் கையுமாக ஞாயிறுதோறும் தோட்டத்து லயன்களில் ஏறியிறங்கினோம்.

முதல் வீட்டில் விடை சொன்னவர் தகப்பனார். “மகன் கொழும்புல கடையில இருக்கான் சேர். நல்ல சம்பளம்.” எழுதிக்கொண்டோம். அடுத்த வீட்டில் தாயார், “மக சும்மாதான் வீட்டுல இருக்கா” என்றார். அதையும் எழுதினோம். அந்த மகளோ எமக்குத் தேநீர் தந்துவிட்டு, அயலாரின் சட்டைகளைத் தைக்க அமர்ந்தாள்.

தீபாவளிக்கு ஊர் வந்த கடைப் பையனை பஸ் நிலையத்தில் தனியே கண்டோம். இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லையாம். “அப்பாகிட்ட சொல்லிறாதீங்க சேர்” என்றான். எமது தாளில் அவன் நல்ல சம்பளக்காரன்!

நாட்டின் தொழிற்படை அளவீடு 1990 முதல் நடைபெற்று வருகிறது. அதன் விதிப்படி, குறித்த வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தவரும் தொழில் உள்ளவரே. சிறு உழைப்பும் விடுபடாதிருக்க அவ்விதி உதவும். ஆனால், அவ்வுழைப்பு வயிற்றுக்குப் போதுமா என்பதை அது சொல்லாது. தாயார் வாயால் கேட்டால், தைக்கும் பெண் அந்தக் கணக்கிலும் சேராள்.

இடாப்பையே நம்பியது எமது மற்றொரு பிழை. 1936இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்கச் சஞ்சிகை, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைத் திரட்டி, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது, வென்றவர் ரூஸ்வெல்ற். தொலைபேசியும் மோட்டார் காரும் உடையோரின் பட்டியல்களையே அது பெரிதும் நம்பியிருந்தது. எமது இடாப்பிலோ, வறுமையால் இடைநடுவில் படிப்பை விட்டவர் எவரும் இல்லை.

மீண்டும் தொடங்கினோம். இளைஞரையே தனியே கேட்டோம். பெயரெழுதாத தாளை மடித்துப் பெட்டியில் இடச் செய்தோம். இடைவிலகிய தோழரையும் அவர்கள் வாயிலாகவே தேடினோம். பெட்டியைத் திறந்தபோது ஒரு தாளில் இருந்தது: “தையல் வேலை. எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்த்ததில்லை. இதுவரை யாரும் கேட்டதுமில்லை.”

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, இளைஞரைப் பற்றிய நூற்றுவீதம் ஒன்றைக் காணும்போது, விடை சொன்னவர் யார் என்று முதலில் கேளுங்கள்.