நொய்யல் ஓரத்துக் கீரை: உயரமா, இலையா?

கோவையிலிருந்து பேரூர் வழியாக மேற்கே போகப் போக, வெள்ளியங்கிரி மலை நெருங்கி வருகிறது. அந்த மலையில் பிறக்கும் நொய்யலை ஒட்டிய தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் வாழை, பாக்கு, கறிவேப்பிலை, காய்கறி எல்லாம் உண்டு. கிணற்றுத் தண்ணீரை நம்பி ஐந்து சென்ட், பத்து சென்ட்டில் கீரை விதைப்பவர்களும் உண்டு. ‘கீரைக்கு ஜிப்ரலிக் அமிலம் தெளிக்கலாமா?’ என்று வாசகர்கள் கேட்பதால், கீரைப் பாத்திகளைப் பார்க்கவே இந்தப் பக்கம் போனோம்.

தெளித்த பாத்தி வரப்பிலிருந்தே தெரிகிறது. பக்கத்துப் பாத்தியைவிட உயரம். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டிருக்கிறது. பச்சை கொஞ்சம் வெளிறியிருக்கிறது. இலைகளை எண்ணினால் பெரிய வித்தியாசம் இல்லை. கூடிய உயரத்தில் பெரும்பங்கு தண்டுதான்.

இந்த ஊக்கியின் பூர்வீகமே அப்படி. நெல் நாற்று அளவுக்கு மீறி நெடுநெடுவென வளர்ந்து சாயும் நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணம் சுரக்கும் பொருள் என்று 1926-ல் ஜப்பானிய விஞ்ஞானி குரோசாவா கண்டுபிடித்தார். அந்தப் பொருள்தான் ஜிப்ரலின். அது செல்களை நீட்டும். மண்ணில் இல்லாத சத்தைக் கொண்டுவந்து தராது. தரையோடு இலை விரிக்கும் பாலக், லெட்யூஸ் போன்றவற்றில் அளவு மிஞ்சினால் பூந்தண்டு கிளம்பிவிடும். அதன் பிறகு இலை கசக்கும்.

தண்டுக்கீரைக்குத் தண்டு நீள்வது லாபமாகலாம். கிள்ளுக்கீரைக்கு அப்படியில்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3 ரகத்தின் சிறப்பே தண்டைவிட இலை கூடுதல் என்பதுதான். விதைத்த 20-ம் நாளிலிருந்து 10 முறை வரை கிள்ளலாம். உழவர் சந்தையில் கட்டை வாங்குபவர் முதலில் தண்டை ஒடித்துத்தானே பார்க்கிறார்?

இலை சீக்கிரம் பழுக்காமல் காப்பது சைட்டோகைனின் என்ற வேறு வகை ஊக்கி. நம் தேங்காய்த் தண்ணீரிலேயே அது இருக்கிறது. ஆனால், ஊக்கி எதுவானாலும் கீரையில் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. தெளிப்பது இலையில், சாப்பிடுவதும் அதே இலையை. அதுவும் சில நாள்களிலேயே.

ஆகவே, தெளிக்க நினைப்பவர்களுக்கு: பாட்டில் லேபிளில் உங்கள் பயிரின் பெயரும், அறுவடைக்கு முன் விட வேண்டிய நாள்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம். பி.பி.எம் கணக்கு எளிது: 1 பி.பி.எம் என்றால் லிட்டருக்கு 1 மில்லிகிராம். 10 லிட்டர் டேங்கில் 20 பி.பி.எம் கலக்க 200 மில்லிகிராம் மூலப்பொருள் போதும். பாட்டிலில் மூலப்பொருள் எத்தனை சதவிகிதம் என்று பார்த்துத்தான் அளக்க வேண்டும். கண்மதிப்பு கூடாது.

முதலில் ஒரு பாத்தியில் மட்டும் தெளியுங்கள். பக்கத்துப் பாத்திக்கு வெறும் தண்ணீர். அறுவடையன்று இரண்டிலும் ஒரே அளவு இடத்தில் அறுத்து, இலையைத் தனியாக, தண்டைத் தனியாக நிறுத்துப் பாருங்கள். இரண்டு கட்டுகளை நிழலில் வைத்து, மறுநாள் எது முதலில் வாடுகிறது என்றும் கவனியுங்கள். இலை எடை கூடினால்தான் அந்த பாட்டிலுக்குக் கொடுத்த காசு திரும்பும்.