ஊறுகாய் ஜாடிக்குக் குழாய் எதற்கு?

மெல்போர்னிலிருந்து வரும்போதெல்லாம் அக்கா மகன் எனக்கு ஒரு சென்ட் பாட்டிலும் அக்காவுக்கு ஒரு கிலோ பாதாம்பருப்பும் கொண்டு வருவான். இந்தத் தடவை விருத்தாசலம் வீட்டுக் கூடத்தில் பெட்டியைத் திறந்தவன், ஒரு தகர டப்பாவை எடுத்து மேஜை மேல் 'ணங்'கென்று வைத்தான். சின்ன பெயின்ட் டப்பா சைஸ். எடை 1.7 கிலோ.

"என்ன மாப்ளே, ஹார்லிக்ஸா?"

"கிட்டத்தட்ட அதுதான் மாமா" என்றவன் குரலைத் தாழ்த்தி, "பீர். கோதுமை பீர். வீட்லயே போட்டுக்கலாம்" என்றான்.

நல்லவேளையாக அடுப்படியில் குக்கர் விசிலடித்தது. அக்கா காதில் விழவில்லை.

விஷயம் இதுதான். முளைகட்டிய பார்லியையும் கோதுமையையும் ஊறவைத்து, சாறு எடுத்து, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைச் சேர்த்துக் காய்ச்சி, பாகாகச் சுண்ட வைத்து டப்பாவில் அடைத்து விடுகிறார்கள். மூடிக்குக் கீழே ஒரு பொட்டலம் ஈஸ்ட். நாம் செய்ய வேண்டியதெல்லாம் பாகை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, 23 லிட்டர் வரை தண்ணீர் ஊற்றி, ஈஸ்டைத் தூவி மூடி வைப்பது. ஒரு வாரம் குமிழ் விடும். அடங்கியதும் பாட்டிலில் அடைத்து, பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு, இன்னும் இரண்டு வாரம் கண்ணில் படாமல் வைத்தால் நுரை பொங்கும். (கண்ணில் படாமல் வைப்பதுதான் கஷ்டம் என்றான்.) ஜெர்மனியில் கோதுமை பீர் என்று பெயர் வைக்க வேண்டுமானால் மால்ட்டில் பாதியாவது கோதுமை இருந்தாக வேண்டுமாம். அங்கே அதற்கென்றே இருக்கும் ஈஸ்ட் வகை, வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் சேர்ந்து வரும்படி செய்துவிடும். பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது. எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை.

"இதெல்லாம் தப்பில்லையாடா?"

"மாமா, இங்கிலாந்துல 1963-லயே லைசென்ஸ் வேணாம்னு எடுத்துட்டாங்க. அமெரிக்காவுல 1978-ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டாரு. நான் ஆஸ்திரேலியாவுல கார் ஷெட்லதான் போடறேன். யாரும் ஒண்ணும் கேட்கறதில்லை."

எனக்கும் சபலம் தட்டியது. ஒப்புக்கொள்கிறேன்.

"அங்கே எல்லாரும் பிளாஸ்டிக் வாளியிலதான் போடறாங்க. நாம விருத்தாசலத்துல இருந்துக்கிட்டு பிளாஸ்டிக்கா? அந்தக் காலத்து வெள்ளைக்காரன் பீங்கான் ஜாடியிலதான் போட்டான். நம்ம ஊர்லயே ஒரு ஜாடி வாங்கிடுவோம். அடியில குழாய் மாட்ட ஓட்டை வெச்சுக் கேட்கணும்."

ஊர்ப் பாசம் எப்படியெல்லாம் வெளிப்படுகிறது பாருங்கள்!

விருத்தாசலத்தைப் பலர் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். எழும்பூரிலிருந்து திருச்சி போகும் கார்டு லைனில் விழுப்புரத்துக்கு அடுத்த பெரிய ஜங்ஷன். இறங்கியவர்கள் பழமலைநாதரைப் பார்க்கப் போவார்கள். சுந்தரர் இங்கே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது தல வரலாறு. கோயில் திருப்பணி செய்தவர்களுக்கு விபசித்து முனிவர் வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தாராம். வேலை செய்த அளவுக்குத் தக்கபடி இலை பொன்னாகுமாம். பீஸ் ரேட் முறை அப்போதே இந்த ஊரில் இருந்திருக்கிறது!

ஊரின் இன்னொரு முகம் பீங்கான். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டியபோது வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்து வந்தது. அதைக் கழுவிச் சுத்தம் செய்ய அங்கே ஒரு ஆலையே நடந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வந்தது. அந்தத் தொழிலைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்க அரசு பாலிடெக்னிக்கும் வந்தது. உங்கள் வீட்டு மெயின் போர்டில் இருந்த பழைய வெள்ளை பியூஸ் கட்டையும், கொலுவில் உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையும் இந்த ஊர்க்காரர்களாக இருக்கலாம்.

நாங்கள் நுழைந்த பட்டறையில் தரை முதல் கூரை வரை பிள்ளையார்கள். சுடாத பிள்ளையார்கள், சாம்பல் நிறம். நடுவில் அகல் விளக்குகள். ஓரமாக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகள், ரப்பர் பட்டை போட்டுக் கட்டி அடுக்கியிருந்தார்கள். மோர் பதத்தில் கரைத்த களிமண்ணை ஒரு அம்மா குவளையில் மொண்டு அச்சுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்; சுவரோரமாக மண் ஏடு கட்டும்; மிச்சத்தைக் கவிழ்த்து விட்டால் உள்ளே வெறும் கூடாக ஒரு பிள்ளையார். பார்த்துக்கொண்டே நின்றதில் வந்த வேலை மறந்துவிட்டது.

முதலாளி என்று சொல்ல முடியாது. அவரும் கை நிறைய மண்ணோடுதான் வந்தார். அறுபது வயது இருக்கும்.

"ஜாடியா? எத்தனை லிட்டரு?"

"இருபத்தஞ்சு" என்றேன்.

"யம்மாடி! எதுக்குங்க?"

"ஊறுகாய்க்கு."

"கல்யாணமா?"

"ஆமா" என்றான் மாப்பிள்ளை அவசரமாக. அவனுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷமாகிறது.

அவர் உட்கார வைத்து விளக்கினார். பச்சை மண் காய்ந்து சுட்டு வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்காவது சுருங்கிவிடும். பெரிய உருப்படி ஒரே சீராகச் சுருங்காவிட்டால் விரிசல். சூளை 1200 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஒரு ஜாடி நிற்கிற இடத்தில் எத்தனையோ பிள்ளையார்களை நிறுத்தி விடலாம், கட்டுப்படியாகாது. அப்புறம் மேல்பூச்சு. "புளிப்பு இருக்கற சாமான் வைக்கறதா இருந்தா கிளேஸ் பார்த்து வாங்கணும் சார். ஈயம் கலந்த பூச்சுன்னா புளிப்பு அதைக் கரைச்சிடும். பளபளன்னு இருக்குதேன்னு வாங்கிடக் கூடாது."

"பியூஸ் கட்டை இப்பவும் போகுதா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வீடு டிரிப்பர் சுவிட்ச் வந்துடுச்சே. நவராத்திரி, கார்த்திகைதான் எங்களுக்குச் சோறு. பையன் இங்கேயேதான் செராமிக் படிச்சான். இப்ப குஜராத்துல, மோர்பியில டைல்ஸ் கம்பெனி."

அத்தோடு விட்டிருக்கலாம். மாப்பிள்ளை வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அடியில ஒரு இஞ்ச் விட்டு ஒரு ஓட்டை வெச்சுத் தர முடியுமா? குழாய் மாட்டணும்" என்றான்.

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊறுகாய் ஜாடிக்குக் குழாய் எதுக்கு தம்பி?"

நான் பிள்ளையார்களைப் பார்த்தேன். மாப்பிள்ளை அசடு வழிந்தபடி உண்மையைச் சொல்லிவிட்டான். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கள்ளக்குறிச்சி இங்கேருந்து எவ்வளவு தூரம்னு தெரியுமா தம்பி? ரெண்டு மணி நேரம் கூட ஆகாது."

2024 ஜூன். கருணாபுரம். அறுபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பேப்பரில் படித்ததுதான், படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியதுதான்.

"என் மச்சான் ஒருத்தன் அதுல பிழைச்சு வந்தான். உசிரு திரும்பிச்சு, கண்ணு திரும்பல."

அச்சில் மண் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு மறுபடி ஊற்ற ஆரம்பித்தார். அவருடைய தம்பியாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை மெல்லச் சொன்னான். "அது மெத்தனால்ங்க. ஃபாக்டரி கெமிக்கல். தானியத்தை வெறுமனே புளிக்க வெச்சா அந்த அளவுக்கு விஷம் வராது. அதைச் சாராயத்துல கலந்துதான்..."

அவன் சொன்னது சரி. விஞ்ஞானப்படி நூற்றுக்கு நூறு.

"இருக்கலாம் தம்பி. நீங்க படிச்சவங்க. அவனும் அப்படித்தான் சொன்னான். தெரிஞ்ச ஆளு விக்கிறான், ஒண்ணும் ஆகாதுன்னு."

அதற்குப் பதில் அவனிடம் இல்லை. என்னிடமும் இல்லை. மூன்று கிலோ பிடிக்கிற, மேல் பாதி பழுப்பும் கீழ் பாதி வெள்ளையுமான பழைய ஜாடி ஒன்று பரணில் கிடந்ததை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "இது நிஜமாவே ஊறுகாய்க்கு" என்றார். காசு வாங்கமாட்டேன் என்றவர் கையில் வற்புறுத்தித் திணித்துவிட்டு, இரண்டு பிள்ளையாரும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஆட்டோவில் இரண்டு பேரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு ரிடையர்டு ஏட்டு, டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படித்துக்கொண்டிருக்கிறார். அக்காதான் 'இது என்ன சத்து மாவு' என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள்!

"1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் தம்பி" என்று ஆரம்பித்தார் ஏட்டு. ராஜாஜி முதலில் சேலம் ஜில்லாவில் கொண்டு வந்தது. டாஸ்மாக் கடை திறந்திருக்கலாம். அதற்காக நாம் வீட்டில் தயாரிக்கலாம் என்று அர்த்தமில்லை. தயாரிக்கிற நோக்கத்தோடு பண்ட பாத்திரம் வைத்திருந்தாலே குற்றம். 2024-ல் தண்டனையை இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள். "ஜெர்மன் பேரு எல்லாம் கோர்ட்ல நிக்காது. எஃப்.ஐ.ஆர்.ல 'ஊறல்'னுதான் எழுதுவோம்."

ஊறுகாய் ஜாடியில் ஊறல். அக்கா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் கோபம் தணிந்ததும் டப்பாவைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இனிக்குது, உடனே கசக்குது. கஷாயத்துல வெல்லம் போட்ட மாதிரி. இதுக்கா நாலு கடல் தாண்டித் தூக்கிட்டு வந்தே?" பாகு முழுவதும் கொல்லைத் தென்னை மரத்தடிக்குப் போயிற்று. ஜாடியில் இப்போது மாவடு ஊறுகிறது.

ஈஸ்ட் பொட்டலத்தை மட்டும் வீணாக்க மனசு வராமல் அக்கா ஆப்ப மாவில் கலந்துவிட்டாள். அந்த டப்பா ஆசாமிகள் 18-லிருந்து 22 டிகிரி சூடு வேண்டும் என்று அச்சடித்திருந்தார்கள். விருத்தாசலத்தில் அந்த டிகிரி ஏ.சி. போட்ட பேங்க்குக்குள்தான் கிடைக்கும். மாவு காலையில் பாத்திரத்தை விட்டுப் பொங்கித் திண்ணை வரை வந்துவிட்டது. ஆப்பம் பூவாக வந்தது. அதில் லேசாக வாழைப்பழ வாசனை வந்ததாக மாப்பிள்ளை சத்தியம் செய்கிறான். எனக்குத் தேங்காய்ப்பால் வாசனைதான் வந்தது. ஏட்டு நாலு சாப்பிட்டார்.