மொரப்பூர்ச் சின்ன ரயில்

சியோலில் இறங்கிய மறுநாளே மகன் ஒரு டி-மணி அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். பஸ்ஸோ மெட்ரோவோ, அந்த அட்டையைத் தொட்டுக் காட்டினால் போதும். "அரண்மனைய மொதல்ல பாருங்கப்பா, அப்புறம் மலைமேல கோபுரம் இருக்கு" என்று வரிசை சொல்லியிருந்தான். கியோங்போகுங் அரண்மனையையும் பார்த்தேன், நம்சான் கோபுரத்திலும் ஏறினேன். அழகுதான். ஆனால் அத்தனை பெரிய நகரத்தில் என் மனம் போய் ஒட்டிக்கொண்டது, ரயில் ஓடாத ஒரு தண்டவாளத்தில்.

ஹோங்கிக் பல்கலைக்கழக மெட்ரோ நிலையத்தின் 3ஆம் வாசல் வழியாக மேலே ஏறி வந்தால் நீளமாக ஒரு பூங்கா. ஓரத்தில் காபிக் கடைகள், நடுவே புல்தரை, சின்ன வாய்க்காலில் தண்ணீர், வரிசையாக கிங்கோ மரங்கள். இலையுதிர் காலம் என்பதால் நடைபாதையே தெரியாமல் மஞ்சள் இலை. உதிர்ந்த கிங்கோ பழம் மிதிபட்டால் எழும் நாற்றம் குடலைப் புரட்டும். அந்த ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டே அதற்கு இடம்விட்டுக் கால் வைக்கிறார்கள். நானும் அப்படித் தரையைப் பார்த்து நடந்ததால்தான் புல்லுக்குள் கிடந்த தண்டவாளம் கண்ணில் பட்டது.

அது கியோங்உயி ரயில்பாதை. சியோலிலிருந்து வடக்கே சீன எல்லை ஓரத்து சினுய்ஜு வரை ஓடியது. ரஷ்யாவோடு சண்டை நடந்த காலத்தில் ஜப்பான் ராணுவம் தன் தேவைக்காக அவசரமாகப் போட்ட பாதை. 1906இல் முழு நீளத்துக்கும் வண்டி விட்டார்கள். நகரம் பெருத்தபிறகு பாதையைப் பூமிக்கடியில் இறக்கிவிட்டு, மேலே கிடந்த நிலத்தை 6.3 கிலோமீட்டருக்குப் பூங்காவாக்கி 2016இல் முடித்தார்கள். அந்த ஊர் நிலவிலைக்கு, அதை மண்ணாகவே விட்டுவைத்தது சாமானிய காரியமில்லை.

1906 என்றதும் எனக்கு நடை ஓடவில்லை. அதே 1906இல்தான் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு எங்கள் சின்ன ரயில் வந்தது.

இரண்டரை அடி அகலப் பாதை. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. 1913இல் பாலக்கோடு வழியாக ஓசூர் வரை நீட்டினார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று 1941இல் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இன்று சேலத்திலிருந்து தருமபுரி வழியாகப் பெங்களூருக்கு ஓடுவது பிற்காலத்தில் போட்ட வேறு பாதை. சின்ன ரயிலை நான் பார்த்ததில்லை. ஆயா சொல்லக் கேட்டதுதான்.

ஆயா சிறுமியாக இருந்தபோது அதன் அப்பா புளி மூட்டையோடு மொரப்பூருக்குப் போவாராம். அங்கே இறங்கினால் மெட்ராசுக்குப் போகிற பெரிய ரயிலைப் பார்க்கலாம் என்று இதுவும் அடம்பிடித்துக் கூடவே ஏறிக்கொள்ளும். ஒருமுறை என்ஜினிலிருந்து பறந்த நெருப்புப் பொறி பட்டுப் புதுப் பாவாடையில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஓட்டையைச் சுற்றி அம்மா பச்சை நூலில் ஒரு பூ போட்டுக் கொடுத்தாளாம். "பாவாடை நைஞ்சு போற வரைக்கும் ரயிலு என் முட்டிமேலயே இருந்துச்சு" என்று ஆயா சொல்லும். ஆட்கள் கடப்பாரை போட்டுத் தண்டவாளத்தை நெம்பியெடுத்து வண்டியேற்றியதையும் அது பார்த்திருக்கிறது. அந்தக் கதை வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். வேடிக்கை பார்க்கப் போன பிள்ளைகளைத் தாத்தன்மார் திட்டி விரட்டினார்களாம், எழவு வீட்டில் என்ன வேடிக்கை என்று.

எங்கள் காலத்தில் மிச்சம் இருந்தது தண்டவாளம் கிடந்த மேடு மட்டும். கொல்லையை ஒட்டி நேர்கோடாகப் போகும். அதன்மேல் ஆடு மேயும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வரிசையாக நடப்போம். மழைத்தண்ணீர் கடக்க அடியில் கருங்கல் வைத்துக் கட்டிய மதகு ஒன்று இருந்தது. சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அதில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் 'கூ' என்று கத்த, மறுமுனையில் இன்னொருவன் பதில் கத்துவான். பிற்பாடு வீடு கட்டவும் சாலை போடவும் மேட்டு மண்ணை டிராக்டர் டிராக்டராக அள்ளினார்கள். மதகுக் கல் யார் வீட்டு அஸ்திவாரத்துக்குப் போனதோ. இப்போது அந்த இடத்தில் நின்றால் மேடு எந்தத் திசையில் போனது என்று நானே யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

சியோல் பூங்காவில் தேஹுங் பக்கம் நடந்தால் தண்டவாளத்தில் காதை வைத்துப் படுத்திருக்கும் ஒரு சிறுவனின் சிலை இருக்கிறது. வண்டி வருகிறதா என்று கேட்கிறான். நாய்க்குட்டியோடு வருகிறவர்கள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆயா இருந்திருந்தால் அவன் முதுகில் ஒன்று போட்டு எழுப்பியிருக்கும்.

அந்த வார இறுதியில் மகனைக் கூட்டிக்கொண்டு இம்ஜின்காக் போனேன். அதே பாதையில் வடக்கே மூன்சான் வரை ரயிலில் போய், அங்கிருந்து போக வேண்டும். அதற்கு மேலே தடை செய்யப்பட்ட எல்லைப் பகுதி. கொரியப் போரின்போது, 1950 டிசம்பர் 31 அன்று ஜாங்தான் நிலையத்தோடு நின்றுபோன ஒரு நீராவி என்ஜினை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். உடம்பில் 1,000க்கு மேற்பட்ட குண்டுத் துளைகள். சக்கரம் கோணி, முழுக்கத் துரு. அரை நூற்றாண்டு எல்லைக் காட்டுக்குள் மனிதர் தொடாமல் கிடந்ததில் அந்த என்ஜின்மேலேயே ஒரு மரம் முளைத்து வளர்ந்திருக்கிறது. அதைப் பக்குவமாக எடுத்துப் பக்கத்திலேயே நட்டுவைத்திருக்கிறார்கள்.

என்ன மரம் என்று பலகையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உதிராமல் நின்ற இலைகள் போதும், தருமபுரிக்காரனுக்குத் தெரியாதா? மல்பெரி. எங்கள் வீட்டிலும் பட்டுப்புழு வளர்த்தோம். விடியுமுன் இலை பறித்து வந்து தட்டில் தூவி, புழு பழுத்ததும் கூடு கட்டச் சந்திரிகைத் தட்டில் எடுத்துவிட்டு, கூட்டை அங்காடிக்குக் கொண்டுபோய் ஏலத்தில் விட்ட காசில்தான் என் கல்லூரிச் சம்பளம் கட்டினார்கள். மகனுக்கு அதெல்லாம் தெரியாது. அவனுக்கு நினைவு தெரிவதற்குள் புழு வீட்டை இடித்துவிட்டோம். அந்த மரத்தடியில் நின்று பாவாடை ஓட்டையிலிருந்து புழு வீடு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். "நம்ம ஊருக்கு ரயிலு அப்பவே இருந்துச்சாப்பா?" என்று நம்பாமல் கேட்டான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நம்புவதற்கு ஊரில் என்ன இருக்கிறது, ஒரு கல் உண்டா? கொரியாக்காரர்கள் அந்நியன் போட்ட பாதையைக்கூடத் தங்கள் பாதையாக்கி, துருப்பிடித்த என்ஜினையும் அதில் முளைத்த மரத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்கள். இரும்பைப் பிடுங்கியது யுத்தம். மேட்டை அள்ளியது நாம்தான்.

மொரப்பூர்–தருமபுரிக்குப் புதிதாக 36 கிலோமீட்டர் பாதை போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். வண்டி வரட்டும். பழைய மேடு எங்காவது நூறு அடி மிஞ்சியிருந்தால் அதை மட்டும் தொடாமல் வேலி போட்டு, 1906 என்றும் 1941 என்றும் எழுதி ஒரு பலகை வைக்க வேண்டும். அதற்கு ஊர்ப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறேன்.