இதயம் எண்ணும் வயது

“நேற்று வரை நன்றாகத்தானே இருந்தார்!” மாரடைப்பில் இறந்தவரின் வீட்டு வாசலில் இந்தச் சொற்களைக் கேட்காதவர் நம்மில் உண்டோ? திடீர் அடைப்பு, திடீர் மரணம் என்றே பேசிப் பழகிவிட்டோம். உயிர்மருத்துவ அறிவியல் துறையில் மூன்றாண்டுகள் பயின்ற பிறகு, அந்தத் ‘திடீர்’ என்ற சொல்லின் மீதே எனக்கு ஐயம் பிறந்துவிட்டது.

பிறந்த தேதியைக் கொண்டு நாம் வயதைக் கணக்கிடுகிறோம். நம் உயிரணுக்கள் வைத்திருக்கும் கணக்கோ வேறு. உடலுக்கு வெளியே வளர்க்கப்படும் உயிரணு முடிவின்றிப் பிரிந்துகொண்டே இருக்கும் என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் நம்பினர். 1961-இல் அமெரிக்காவின் லெனர்ட் ஹேஃபிளிக் அந்த நம்பிக்கையை உடைத்தார். மனித உயிரணு ஏறக்குறைய 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகிறது என்று அவர் காட்டினார். காரணம் பின்னர்தான் புலப்பட்டது. குரோமோசோமின் இரு நுனிகளிலும் டெலோமியர் என்னும் காப்புப் பகுதி உண்டு. ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது சிறிது தேய்கிறது. மிகவும் தேய்ந்ததும் உயிரணு பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. டெலோமியர் குறித்த ஆய்வுக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவரும் 2009-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதற்கும் இதய நோய்க்கும் என்ன தொடர்பு? இரத்தக் குழாயின் உட்புறத்தில் உயிரணுக்கள் ஒற்றை அடுக்காகப் பதிந்துள்ளன. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, சிகரெட் புகை ஆகியவை அவற்றை ஓயாமல் காயப்படுத்துகின்றன. காயத்தை ஆற்ற அண்டை உயிரணுக்கள் பிரிந்தாக வேண்டும். பிரியப் பிரிய அவற்றின் முதுமை விரைகிறது. முதிர்ந்த உயிரணு செத்து ஒழிந்தாலாவது தொல்லை இல்லை. அது சாகாமல் அங்கேயே தங்கி, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து, பக்கத்தில் உள்ளவற்றையும் கெடுக்கிறது. அந்த இடத்தில் கொழுப்பு புகுந்து படிகிறது. 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் இரத்தக் குழாய்களிலிருந்து முதிர்ந்த உயிரணுக்களை அகற்றியபோது கொழுப்புப் படிவு குறைந்தது. மனிதருக்கு அது இன்னும் மருந்தாகிவிடவில்லை.

இவற்றையெல்லாம் நான் ஆங்கிலத்தில் படித்தேன். அதற்கு முன் இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயில் பயின்றேன். அதற்கும் முன் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 51. இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுவாரம் அப்பா கேட்டார்: “எனக்கு இன்னும் வயசாகலையேம்மா, அப்புறம் எப்படி?”

கேள்வி தமிழில் இருந்தது. விடையோ என்னிடம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி, மேலே எழுதியதைத்தான் அவருக்கு விளக்கினேன். அப்பா லாரி ஓட்டுநர். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பழைய லாரி வாங்கும்போது எந்த வருஷத்து வண்டின்னு மட்டும் பார்க்க மாட்டோம். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னும் பார்ப்போம். அது மாதிரிதானே?” எந்த விரிவுரையும் எனக்கு இவ்வளவு எளிதாக விளக்கியதில்லை. சற்று நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே, “மீட்டரைத் திருப்ப முடியுமா?” என்றார். “திருப்ப முடியாதுப்பா. ஆனா இனிமே மெதுவா ஓட்டலாம்” என்றேன். முப்பது ஆண்டுகளாகப் பிடித்த சிகரெட்டை அவர் விட்டுவிட்டார். மாலையில் அம்மாவுடன் தாமானைச் சுற்றி நடக்கிறார்.

இது அப்பாக்களின் கதை மட்டும்தானா? கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பரிசோதித்த மருத்துவர்கள் 1953-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவ்வீரர்களின் சராசரி வயது ஏறக்குறைய 22. நான்கில் மூன்று பங்கினருக்கும் மேல் இதயக் குழாய்களில் நோயின் அடையாளம் காணப்பட்டது. ஓடி, ஏறி, போர் புரிந்த இளைஞர்கள் அவர்கள்! எனக்கும் இப்போது 22 வயதுதான். அதைப் படித்த இரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

நமக்கு இன்னும் ஒரு செய்தி உண்டு. தெற்காசிய நாடுகளில் வாழ்வோருக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருவதாக 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. விதி என்று சொல்லி ஒதுங்குவதற்கு இது காரணமாகாது. புகை, நீரிழிவு, கெட்ட கொழுப்பு முதலியவை இளவயதிலேயே கூடிவிடுவதே இந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் என்று அதே ஆய்வு விளக்குகிறது. அவை நம் கையில் இருப்பவை அல்லவா?

நண்பர்களே, நள்ளிரவு ரொட்டி சானாயும் தேர்வுக் காலத்துச் சிகரெட்டும் நம் மீட்டரில்தான் ஓடுகின்றன. ‘வயதான பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போடாதீர்கள். இந்த விடுமுறையில் வீட்டிற்குச் செல்லும்போது, பெற்றோரின் இரத்தக் கொதிப்பு அளவைக் கேட்டறியுங்கள். அது ஏன் முக்கியம் என்பதை அவர்களுக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.