இருபது ரூபாய்ச் சோற்றின் மீதி விலை

சமைப்பதா, பொட்டலம் வாங்குவதா? திருவனந்தபுரத்தில் காரியவட்டம் வளாகத்தை ஒட்டி அறையெடுத்துத் தங்கும் ஆய்வு மாணவர்களிடையே, உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் தவறாமல் எழும் கேள்வி இது. விடை எளிதெனத் தோன்றும்; கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வளவு எளிதன்று.

ஒருவருக்கான மதிய உணவை எடுத்துக்கொள்வோம். அரிசி 150 கிராம். கிலோ 50 ரூபாய் எனக் கொண்டால் ஏழரை ரூபாய். பருப்பு, காய், தேங்காய், மோர் ஆகியவற்றுக்கு 25, எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் 5, எரிவாயுவுக்கு 5. ஆக 42 ரூபாய் 50 காசு. நால்வருக்குச் சமைத்தால் தலைக்கு ஆகும் செலவு குறையும்; ஒருவருக்கென்றால் மீந்து கெடும் அரைமூடித் தேங்காயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குடும்பஸ்ரீ பெண்கள் நடத்தும் ஜனகீய உணவகங்களில் 2020 முதல் ஊண் 20 ரூபாய், பொட்டலம் 25 ரூபாய். வீட்டுச் சமையல் தோற்றுவிட்டதாகவே தெரியும். ஆனால் அந்த விலைக்குப் பின்னால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரசு அறிவித்த 10 ரூபாய் மானியமும், கிலோ 10 ரூபாய் 90 காசுக்குக் கிடைத்த அரிசியும் இருந்தன. 2023 ஆகஸ்டில் மானியம் நிறுத்தப்பட்டதும் ஊண் 30 ரூபாயாயிற்று. வரவேண்டிய பாக்கியைக் கேட்டு மலப்புறத்துப் பெண்கள் தலைமைச் செயலகத்தின் முன் போராடினர். உண்டவர் கொடுக்காத பங்கை அரசு ஏற்றிருந்தது. அரசு தாமதித்தபோது அது சமைத்தவர் தலையில் விழுந்தது.

இனி, மேற்கண்ட 42 ரூபாய்க்குத் திரும்புவோம். அதில் விடுபட்டது நேரம். வாங்க, நறுக்க, சமைக்க, பாத்திரம் துலக்க ஒரு மணி நேரம் என்று குறைத்தே கொள்வோம். ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டின்படி 2022-23இல் கேரள ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி 852 ரூபாய் 50 காசு. எட்டு மணி நேர வேலை எனில் மணிக்குச் சுமார் 106 ரூபாய். அதைச் சேர்த்தால் அறையில் சமைத்த சோறு 150 ரூபாயை நெருங்குகிறது.

மாணவர் தம் நேரத்தைக் கணக்கிடத் தயங்குவதில்லை. “அந்த நேரத்தில் இரண்டு பக்கம் எழுதலாம்” என்பார். ஊரிலிருக்கும் அம்மாவின் சமையலைச் சொல்லும்போது மட்டும் “வீட்டில் செலவே இல்லை” என்பார். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடம்.

எனவே மலிவு எது என்று கேட்பதற்குமுன், யாருடைய நேரத்தை விலையின்றி எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்பது முறை. உணவகப் பெண்களிடம் பாக்கியைக் காட்ட ஒரு கணக்கேடாவது இருந்தது. வீட்டுச் சமையலறையில் அதுவும் இல்லை.